வண்டியின் மேல் போட்ட பழி

இனி எதற்கும் வண்டியைத்தான் காரணம் சொல்வது என்று தீனதயாளன் முடிவு செய்தபோது, புதுப்பட்டினத்தில் அருணகிரியின் அரிசிக் கடை வாசலில், தான் இறக்கிய மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். இடது தோளிலிருந்து முழங்கை வரை ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சின் மேல் இன்னொரு மூட்டை இருந்தது. அதை யாரும் ஏற்றவில்லை. இறக்கவும் ஆள் இல்லை.

"இன்னா தீனா, உக்காந்துட்ட?" என்றார் அருணகிரி, கல்லாவிலிருந்து எழாமல்.

"வண்டி இழுக்கல அண்ணாத்த."

"வண்டி நின்னுகினுதான கீது. நீ ஏன்யா உக்கார்ற?"

"வழியெல்லாம் நான் எறங்கித் தள்ளாததுதான் பாக்கி."

அருணகிரி நம்பினார். அரிசி வந்து சேர்ந்துவிட்டால் எதையும் நம்பக்கூடிய மனிதர்.

வண்டி பழையதுதான். டர்போ வைத்த டீசல் பிக்கப். மதுராந்தகத்து மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக் கடைகளுக்குப் போய் இறக்குவது தீனதயாளனின் பிழைப்பு. ஓட்டுவதும் அவன், மூட்டை சுமப்பதும் அவன். வண்டியின் பெரிய குணம், யார் என்ன பழி சொன்னாலும் மறுத்துப் பேசாது. வீட்டில் அந்தக் குணம் உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.

டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அவன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனவர். வெளியே வரும்போது நடக்கவில்லை. பெரியப்பாவும் அப்படியே. போகாமலிருந்திருந்தால் இரண்டு பேரும் இன்னும் இருந்திருப்பார்கள் என்பது தீனதயாளன் தானாகக் கண்டுபிடித்த உண்மை. அதில் ஓர் ஓட்டை இருப்பது அவனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டான். டாக்டரிடம் போனால் மட்டும் என்ன சொல்வார்கள்? மூட்டை தூக்காதே, வண்டி ஓட்டாதே. அந்த இரண்டையும் கழித்துவிட்டால் தீனதயாளன் என்று மிச்சமிருப்பது சாப்பாடும் தூக்கமும்தான். தூக்கமும் இப்போது சரியில்லை.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி ஓரமாக வண்டியை நிறுத்தி, நெஞ்சு சொல்கிறபடி கேட்டு, அது விட்ட பிறகு புறப்படுவதை வழக்கமாக்கிக்கொண்டான். சரக்கு தாமதமானது. வண்டியின் கதவில் எழுதியிருந்த போன் நம்பர் அவனுடையதல்ல. அவன் மனைவி ரேணுகாவுடையது. ஆர்டர் எடுப்பது அவள். திட்டு வாங்குவதும் அவள்.

திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய அவர்கள் வீட்டில், நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"மில்லுல விடியறப்பவே கெளம்பிட்ட. கடைக்கு மத்தியானம் போய்க்கீற. நடுவுல எங்க இருந்த?"

"ரோட்ல."

"ரோட்ல இன்னா பண்ண?"

"வண்டி ஓட்டினேன்."

"அவ்ளோ நேரமா?"

"அது ஓடல. அதான் அவ்ளோ நேரம்."

"அது ஓடலன்னா உனக்கு ஏன்யா சட்ட நனஞ்சிகீது?"

"இன்ஜின் சூடு."

"ஒரு தபா டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாமே."

"டாக்டருக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நெத்திலியைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள் என்று அவனுக்குத் தோன்றியது.

இதைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் வண்டிக்குச் சுலபத்தில் தீராத வியாதியாக ஒன்று தேவைப்பட்டது. யோசித்தான். மறுநாள் சாப்பிடும்போது தானாகவே எடுத்துவிட்டான்.

"இந்த வண்டி இழுக்காததுக்கு காரணம் தெரிஞ்சிபோச்சு. இன்டர்கூலர் இல்ல."

"டர்போ கீது டர்போ கீதுன்னு சொல்லித்தான வாங்கின?"

"கீது. அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அமுக்கினா காத்து சூடாவும். சூடான காத்துல சத்து இல்ல. டீசல் சரியா எரியாது. கறுப்பா பொக வுடும், ஏத்தத்துல படுத்துக்கும்."

"அதுக்கு?"

"நடுவுல ஒரு பொட்டி வைக்கணும். ரேடியேட்டர் மாதிரி இருக்கும். காத்த ஆத்தி உள்ள அனுப்பும். புது வண்டிங்கள்ல கம்பெனியிலயே வச்சி வருது."

"வச்சிடு."

"சொல்றது சுலபம். வேற வண்டியோடத தேடணும், வண்டி மூஞ்சிய அறுக்கணும், பைப்பு வளைக்கணும். அதெல்லாம் நம்மால ஆவற காரியமா?" அவன் பெருமூச்சு விட முயன்றான். பாதியில் வலித்தது. நிறுத்திக்கொண்டான்.

"ஃபிரிஜ் வாங்க வச்ச சீட்டு கீது. எடுத்துக்க."

தீனதயாளன் கையிலெடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஃபிரிஜ் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜில்லென்ற மோருக்காக ஏங்குகிறவள். அந்தச் சீட்டைத் தொட வீடு தீப்பிடித்தாலும் சம்மதிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் பேசியிருந்தான்.

"வூட்டுக்கு வேணாமா?" என்றான் பலவீனமாக.

"வூடு ஏத்தம் ஏறப் போவுதா? ஜெரோமாண்ட சொல்லிட்டேன். நாளைக்கி வண்டிய வுடு."

திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஜெரோமின் பட்டறை. உடைத்துப் போட்ட வேறொரு வண்டியிலிருந்து ஓர் அலுமினியப் பெட்டியை அவர் எடுத்து வைத்திருந்தார். முன்பக்கக் கிரில்லை அறுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் பொருத்தினார். டர்போவிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்கு. சேருமிடங்களில் கனமான ரப்பர் ஓஸ். ஓஸைப் பிடிக்கக் கிளிப்.

ரேணுகாவும் வந்திருந்தாள். பழைய டயரின் மேல் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி கேள்வி கேட்டாள்.

"இந்த ஓஸு கழண்டா இன்னா ஆவும், ஜெரோம்?"

"காத்து வெளிய பூடும் அக்கா. உஸ்ஸுன்னு சத்தம் வரும். பழையபடி பொக வுடும், இழுக்காது."

"தானா கழலுமா?"

"நான் போட்டதா?" ஜெரோம் கொஞ்சம் புண்பட்டார். "யாராச்சும் ஸ்க்ரூ டிரைவர் வச்சி திருப்பினாத்தான்."

தீனதயாளன் தண்ணீர் குடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். முகம் மலர்வதை மறைக்க வேறு வழியில்லை.

வண்டி மாறிவிட்டது. செங்கல்பட்டில் ரயில்வே பாலத்து ஏற்றத்தில் முன்பெல்லாம் இரண்டாவது கியரில் முனகும். இப்போது முழுச் சரக்கோடு மூன்றாவதில் ஏறிப் போனது. புகை இல்லை. ஏரி ஓரமாக நிறுத்தினால் அது நிற்க விரும்பாததுபோல உறுமியது. பொய்யாகச் சொன்ன வியாதி மெய்யாகவே இருந்திருக்கிறது, அது குணமாகியும் விட்டது என்பதை அவன் துக்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

அருணகிரி கடை திறக்கும்போதே வண்டி நின்றிருந்தது.

"அட்றா. இன்னாய்யா மாயம் இது?"

"இன்டர்கூலர்" என்றான் தீனதயாளன், துக்கம் விசாரிக்க வந்தவனிடம் நோயின் பேரைச் சொல்வதுபோல.

"அப்ப இனிமே ஒரு நடைய ரெண்டாக்கிடு. நானும் எத்தினி நாளா ஆள் தேடிகினு கீறேன். ரேணுகா ஒத்துகினாச்சு."

மூட்டைகள் இரட்டித்தன. முதல் நடையின் வலி முடிவதற்குள் இரண்டாம் நடையின் வலி வந்து காத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை ஒன்று போதாமல் இரண்டாயிற்று. பக்கத்தில் ரேணுகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஒரே வழிதான் இருந்தது. மில்லில் மூட்டை ஏற்றும்போது பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை இரண்டு சுற்றுத் தளர்த்தினான். பாலத்தில் உஸ்ஸென்ற சத்தம் வந்தது. அவன் காதுக்கு அது தாலாட்டு. கறுப்புப் புகை வந்தது. ஏரி ஓரத்தில் நிம்மதியாக நின்று, நெஞ்சு ஓய்ந்ததும் கிளிப்பை இறுக்கிக்கொண்டு கிளம்பினான்.

"மறுபடியும் கழண்டுகிச்சா?" என்றாள் ரேணுகா.

"ஜெரோமு வேல அவ்ளோதான்."

"நல்லா போடுவாரே."

"நல்லாத்தான் போட்டாரு. நிக்கல."

ஜெரோமுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான். ஆனால் வருத்தப்பட நெஞ்சில் அதிக இடம் இல்லை. ரேணுகா சண்டை போடவில்லை, ஃபிரிஜ் பேச்சை எடுக்கவில்லை, சரி என்று மட்டும் சொன்னாள். இதுவரை எந்தச் சண்டையிலும் அவளை இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை. அது அவனை எச்சரித்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் மில்லில் அவசரம். தளர்த்த நேரமில்லாமலே கிளம்பினான். ஏரிக்கரை வருவதற்குள் வலி வந்துவிட்டது. இதுவரை வந்தவை எல்லாம் இதன் தம்பிகள். தாடைவரை ஏறியது. ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, வண்டியை ஓரமாக உருளவிட்டு நிறுத்தினான். ஏரித் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பாவைக் கொண்டுவந்த வேனின் பின்கதவு நினைவுக்கு வந்தது. அந்தக் கதவு சரியாகச் சாத்தாமல் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தது.

போனை எடுத்தான். அந்த நேரத்தில்கூட அவன் சொன்னது இதுதான்:

"ரேணுகா, ஓஸு கழண்டுகிச்சு."

"எந்த ஓஸு? டர்போலேர்ந்து வர்றதா, இன்ஜினுக்குப் போறதா?"

"இன்ஜினுக்குப் போறது."

"எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன். ஏரியாண்ட நிக்கறேன்."

"சரி. அங்கயே இரு. ஜெரோம இட்டுகினு வர்றேன்."

அவர்கள் வருவதற்குள் ஓஸ் கழன்றிருந்தாக வேண்டும். தீனதயாளன் இறங்கினான். வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் வந்தான். பானெட்டைத் தூக்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். வழுக்கியது. மறுபடி வைத்தான். குனிந்து பார்த்தான். கிளிப்பில் திருகும் பள்ளமே இல்லை. பழைய கிளிப்பே இல்லை. அகலமான இரும்புப் பட்டையும் போல்ட்டும் நட்டும் புதிதாக மின்னின. இரண்டு ஓஸிலும்.

ஸ்பேனருக்காக சீட்டுக்கு அடியில் தடவினான். ஸ்பேனர் பை இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்தான்.

"இன்னா அண்ணாத்த, வண்டி மக்கர் பண்ணுதா?"

"ஓஸு கழண்டுகிச்சு."

அவன் எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான கீது?"

"அதான் கழட்டிகினு கீறேன்."

அந்த ஆள் இவனுடைய முகத்தைப் பார்த்தான். நெற்றியில் வழியும் வியர்வையைப் பார்த்தான். "நீ குந்து மொதல்ல" என்று தோளைப் பிடித்து பம்பரில் உட்காரவைத்தான். தீனதயாளன் உட்கார்ந்தபடியே, பின்பக்கமாகக் கையை நீட்டி, விரலால் அந்த நட்டைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. ஜெரோம் நல்லாத்தான் போட்டிருந்தார்.

ஜெரோமின் பைக்கிலிருந்து ரேணுகா இறங்கி வந்தாள். பானெட்டுக்குள் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள்.

"எந்த ஓஸு?"

அவன் நட்டிலிருந்து விரலை எடுத்தான்.

"நேத்து மத்தியானம் நீ படுத்துகினு இருந்தப்ப மாத்திட்டாரு. ஏறு வண்டில. அந்தப் பக்கம்."

"அரிசி..."

"அரிசிக்கு இன்னா, நெஞ்சா வலிக்குது?"

ஜெரோம் ஓட்டினார். நடுவில் ரேணுகா. ஜன்னலோரம் தீனதயாளன். பாலத்து ஏற்றத்தில் வண்டி முழுச் சரக்கோடு மூன்றாவது கியரில் சத்தமில்லாமல் ஏறியது.

"நேராக் கேட்டுருக்கலாம் இல்ல" என்றான் மெல்ல.

"கேட்டேனே. வண்டின்ன. சட்ட நனஞ்சிகீதேன்னேன், இன்ஜின்ன. ரெண்டு தலகாணி வச்சிகினு ஒக்காந்தே தூங்கறது யாரு, வண்டியா? எது கேட்டாலும் அது மேலயே சாச்ச. அதான் மொதல்ல அத சரி பண்ணேன்." அவள் குரல் உடைந்தது. அதை அவள் இருமலாக மாற்றிக்கொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் நாடியைத் தேடினாள். கிடைத்ததும் விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். உள்ளே நடந்து வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள் என்பதில் அவனுக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது. டூட்டியிலிருந்த பெண் டாக்டர் காகிதத்தில் ஓடிய கோடுகளைப் பார்த்தார். முகம் மாறியது. நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொல்லிவிட்டு அவன் பக்கம் குனிந்தார்.

"எவ்ளோ நாளா இருக்கு இந்த வலி?"

"இன்னிக்குத்தாங்க" என்றான் தீனதயாளன். "திடீர்னு."

"வண்டி இழுக்கலன்னு இவரு சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து டாக்டர்" என்றாள் ரேணுகா.

டாக்டருக்குப் புரியவில்லை. "எந்த வண்டி?"

"அத வுடுங்க. அத சரி பண்ணியாச்சு. இத நீங்க பாருங்க."