சரளைப் பாதையில் பட்ட பாடு

ஞாயிற்றுக்கிழமைகளை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். அரசாங்கமே வந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டது சொலான்ஜ். அதுதான் சிக்கல்.

சொலான்ஜ் என் மனைவி. நிவெர்னே கால்வாயை ஒட்டி எங்களுக்கு ஒரு கல்வீடு. அதில் சில அறைகளைச் சைக்கிள் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். கால்வாய்க்கரைச் சரளைப் பாதையில் புழுதியோடு வந்து இறங்குவார்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, இன்றைக்கு எந்தப் பக்கம் போனால் நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். சமையல், துணி துவைப்பது, படுக்கை விரிப்பது எல்லாம் சொலான்ஜ். எந்தப் பக்கம் என்பது மட்டும் என் இலாகா.

இலாகா என்றால் ஆய்வுப் பயணம் இல்லாமலா? ஞாயிறு விடிந்ததும் பாதைகளைச் சோதித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவேன். எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே மழை கரையை அரித்திருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டுமே. கால்வாயோரம் சக்கரத்தின் அடியில் சரளை நெறுநெறுக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. நாரை ஒன்று என்னைப் பார்த்துவிட்டு, பறப்பதா வேண்டாமா என்று யோசித்து, எனக்காகப் பறக்கத் தேவையில்லை என்று நின்றுவிடும். அவ்வளவு சுகம். அந்தச் சுகத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதே. ஆகவே திரும்பும்போது கடைசித் திருப்பத்திலேயே முகத்தை வாட்டிக்கொள்வேன். இடுப்பு போச்சு என்பேன். இந்தத் தொழிலே வேண்டாம் என்பேன். சொலான்ஜ் ஈர விரிப்புகளைக் கொடியில் போட்டபடியே "பாவம்" என்பாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை எல்லா அறைகளும் காலியாக இருந்தன. ரொட்டியை அறுத்துக்கொண்டே, மறுநாள் தானும் வருவதாகச் சொன்னாள். காட்டுப்பன்றி இருக்கும் என்றேன். பார்த்ததே இல்லை, பார்க்கலாம் என்றாள். சேறு என்றேன். துவைக்கப் போவது அவள்தானாம், அதைப்பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டாள்.

"இதுல சுகமே கிடையாது, சொலான்ஜ்."

"சுகத்துக்கு யாரு வரா? நீ படற கஷ்டத்த ஒரு தடவ கண்ணால பாக்கணும், அவ்ளோதான்."

அன்று படுக்கும்போதே திட்டம் தயாராகிவிட்டது. தடுத்தால் ஆசை வளரும். கூட்டிக்கொண்டு போய் நொந்துபோக வைத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் ஒரு பழைய மலைச் சைக்கிள் கேட்டு வாங்கினேன். கன்றுக்குட்டி எடை இருந்தது. என் சைக்கிளிலோ, எடையைக் குறைப்பதற்காக உதிரி ட்யூபைக்கூட எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன்.

கால்வாயோரம் அவளை அதிக நேரம் விட்டுவைக்கவில்லை. பனி விலகித் தண்ணீரில் நெட்டிலிங்க மரங்கள் தலைகீழாகத் தெரிய ஆரம்பித்ததும், இது ஆபத்து, பிடித்துப் போய்விடும் என்று இடது பக்கம் காட்டுக்குள் திருப்பினேன். வேட்டைக்காரர்கள் ஜீப்பில் போகும் ஏற்றம் அது. ஒவ்வொன்றும் முஷ்டி அளவுக்குச் சரளை. நானே வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பக்கம் போவேன்.

கௌரவத்துக்காக நான் இறங்காமல் மிதித்தேன். நெஞ்சு வாய்க்கு வந்தது. உச்சியில் நின்று, அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏறிப் பார்க்கவே இல்லையாம்; நடக்கத்தான் கால் இருக்கிறதே என்றாள். கழுத்துத் துணி நிறையப் பெரிய பெரிய காளான்கள். இப்படி ஒரு இடம் இருப்பதை ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டாள். நான் அந்த வழியில் இவ்வளவு காலமாகக் கல்லைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆத்திரம் வந்தது. இறக்கத்தில் காட்டுகிறேன் என்று பிரேக்கைத் தொடாமல் விட்டேன். பாதிச் சரிவில் சிக்கிமுக்கிக் கல் ஒன்று என் டயரின் பக்கவாட்டைக் கத்தி மாதிரி கிழித்தது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விழுந்த இடம் காட்டுப்பன்றி புரண்ட சேற்றுக்குழி என்பதை வாசனையில் தெரிந்துகொண்டேன். சொலான்ஜ் பிரேக்கைப் பிடித்தபடி பொறுமையாக இறங்கி வந்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிரித்தாள். உதிரி ட்யூப் எங்கே என்று கேட்டாள். நான் காட்டைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யோன் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். வெயில் ஏறியிருந்தது. ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும். இங்கே இல்லை.

"தனியா வரும்போது என்ன நினைச்சுட்டிருப்ப?" என்றாள்.

பொய் சொல்ல நிறைய இருந்தது. உண்மைதான் வாயில் வந்தது. "ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

அவள் தலையாட்டினாள். "நான் அப்படி இருந்து எவ்ளோ நாளாச்சுன்னு யோசிச்சுப் பாக்கறேன். எந்த ரூமுக்குத் தலகாணி மாத்தணும், யாருக்குப் பால் ஒத்துக்காதுன்னு தூக்கத்துலகூட ஓடிட்டே இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் சைக்கிளைத் தள்ளினேன். கிழிந்த டயர் மட்டும் தப் தப் என்று பேசிக்கொண்டு வந்தது.

பாலம் வந்ததும் என்னை அங்கேயே இருக்கச் சொன்னாள். தான் போய் வேனை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கன்றுக்குட்டியில் ஏறினாள். அதிகம் போனால் ஒரு மணி நேர வேலை. நிழல் பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. என் மேல் இருந்த சேறு காய்ந்து உதிர ஆரம்பித்தது. அவள் என்னிடம் விட்டுப்போன காளானைப் பச்சையாகத் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. அவள் முகமெல்லாம் புதுச் சேறு. மதகு பார்க்கும் அம்மாள் அக்கரையில் ஒரு பாதை இருப்பதாகச் சொன்னாளாம், போய்ப் பார்த்தாளாம். கரி வண்டிகள் போன பழைய பாதை, ஓக் மரங்களுக்கு நடுவில் போகிறதாம். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

வேனில் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். முகத்தில் எனக்காக அவ்வளவு இரக்கம்.

"இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, ஒபேன். நீ சொன்னதெல்லாம் நெசம். இடுப்பு போவும், முட்டி போவும், குழில விழணும். எத்தன வருஷமா ஒரு ஞாயிறுகூட விடாம செஞ்சிருக்க."

"அப்படி ஒண்ணும்..."

"போதும்ப்பா, நீ பட்டது. இனிமே ஞாயித்துக்கிழம நான் போறேன். நீ வீட்ல ஒக்காந்து ஓய்வா இரு. விரிப்புத் தொவைக்கறதும் டிபன் போடறதும் ஒரு வேலையான்னு நீயே சொல்லுவியே."

சொல்லியிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போது எடுத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். மடியில் இருந்த காளான்களை எண்ண ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள், என் சைக்கிளில். உதிரி ட்யூபை மறக்கவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்து, முதல் நாள் ராத்திரி சொலான்ஜ் அந்த ஓக் மரப் பாதையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருந்த கணவனும் மனைவியும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, வழி சொல்லும் அம்மா எங்கே என்று கேட்டார்கள். வெளியே போயிருக்கிறாள், இந்தப் பக்கத்துப் பாதை எல்லாம் எனக்கு அத்துப்படி, நானே சொல்கிறேன் என்றேன். அந்தக் கணவர் என் இடுப்பில் இருந்த ஏப்ரனை மரியாதையாகப் பார்த்தார்.

"பரவால்லீங்க, அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கோம். நீங்க மொதல்ல காப்பிய ஊத்துங்க."