அண்டத்தின் ஏழாவது கேசட்

கருந்துளை தன் பக்கத்தில் வரும் எதையும் விழுங்கிவிடும் என்று கேசட்டில் ஒரு குரல் கொட்டாவி விட்டபடி சொல்லிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் கிருஷ்ணப்பன் டேப்ரெக்கார்டரின் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார். அது உடனே நாடாவை விழுங்கிவிட்டது.

"இன்னா மாமு, பிரபஞ்சம் முடிஞ்சிச்சா?" என்றார் பக்கத்து வீட்டு லியாகத் அலி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பார்வை போனபிறகு அவருக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே, ராயபுரத்தில் ஹில்டா அம்மா நடத்தும் நூலகத்திலிருந்து கிருஷ்ணப்பன் எடுத்துவரும் பேசும் புத்தகங்களால்தான். அந்த நூலகத்தில் ஒரே சட்டம்: நாடாவைக் கெடுத்தால் கார்டு ரத்து.

"அறுந்துபோச்சு பாய்."

"கார்டு போச்சுன்னா சாயங்காலத்துல நா செவுத்தையா கேக்கறது?"

"போவாது. நா பாத்துக்கறேன்."

இத்தனைக்கும் அந்த விண்வெளித் தொடரில் உருப்படியான கேசட் என்று ஒன்றுகூட வந்ததில்லை. கேட்டவர் கருத்தெழுத ஹில்டா அம்மா தரும் சீட்டில் கிருஷ்ணப்பன் தாட்சண்யம் பார்த்ததும் இல்லை. 'ராக்கெட் கிளம்புவதற்குள் என் டீ ஆறிவிட்டது.' 'செவ்வாய் கிரகத்தில் யாரோ நெத்திலி கூவி விற்கிறார்கள்.' 'கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசியவர் அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.' கேசட்டுக்கு ஒரு குரல், ஒன்றைவிட ஒன்று மட்டம். ஐந்தாவது குரலை நேராக மூலக்கொத்தளம் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்றும் எழுதியிருந்தார். இவர்களெல்லாம் யார் என்று கேட்டால், "பெரிய மனுஷங்க சார்" என்று சொல்லிவிட்டு ஹில்டா அம்மா அலமாரியை அடுக்கப் போய்விடுவார்.

இடியாப்பமாய்ச் சுருண்ட நாடாவைப் பென்சிலால் சுற்றி, நைந்த பகுதியை வெட்டி, டேப் ஒட்டினார். போட்டுப் பார்த்தால் நட்சத்திரம் செத்த மறு விநாடியே சனி கிரகத்தின் வளையம் வந்து நின்றது.

"நடுவுல ஒரு சாவு வூட்டையே காணோமே மாமு."

சரி, அந்தத் துண்டை நாமே பேசி நிரப்பிவிடலாம் என்று கிருஷ்ணப்பன் தீர்மானித்தார். டேப்ரெக்கார்டரோடு தன் வீட்டுக்குத் தனியாக எடுத்துப்போய், மறுபதிவைத் தடுக்கும் கேசட்டின் மேல் ஓட்டைகளில் காகிதம் திணித்து, பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிந்த கருந்துளை ஒன்றுதான்.

"கருந்துளை என்பது எண்ணூர் சாலையைப் போன்றது. உள்ளே போன லாரி திரும்பி வராது."

பேச்சு நன்றாக வந்ததால் நிறுத்த மறந்துவிட்டார். மனைவி பூவம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, அடுப்புல பால வெச்சிட்டு யாராண்ட பேசிகினு கீற?"

"சும்மா இரு. சனி அழிஞ்சுபோச்சு."

"போனா போவட்டும். அதால நமக்கு இன்னா நல்லது நடந்துச்சு?"

இப்போது பூவம்மாவும் கேசட்டில் இருந்தாள். அவளை அழிக்கப் போனதில் நெப்டியூன் போயிற்று. நெப்டியூனைக் கொண்டுவரப் போனதில் பால்வீதியே போயிற்று. அடுப்பில் பாலும் போயிற்று. கடைசியில் ஒரு பக்கம் முழுக்க அண்டசராசரமும் கிருஷ்ணப்பனின் குரலில்தான் இயங்கியது.

எதுவும் சொல்லாமல் லியாகத் அலிக்குப் போட்டுக் காட்டினார்.

"எப்டி கீது பாய்?"

"ஆளு புச்சு. தொண்டைல துருப்புடிச்ச ஆணி. அந்தக் கொட்டாவிக்காரனே தேவல."

"அவ்ளோ மோசமாவா கீது?"

"நீதான் உள்ளத உள்ளபடி எழுதறவனாச்சே. எழுது."

லியாகத் அலியின் மீசைக்குள் சிரிப்பு துடித்ததைக் கிருஷ்ணப்பன் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். ஆனாலும் கொள்கை கொள்கைதான். சீட்டை எடுத்து, 'இந்தக் குரல் சகிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் ராயபுரத்தில் ஹில்டா அம்மா கேசட்டை வாங்கியதும் சோதித்துப் பார்க்கப் போட்டார். எண்ணூர் சாலையில் லாரி நுழைந்தது. கிருஷ்ணப்பனுக்குக் காது மடல் சுட்டது. அது சரியான கேசட்தான் என்று சாதிப்பதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவர், சீட்டைத் தாமே நீட்டினார்.

"அது நான்தாம்மா. நாடாவ நான்தான் அறுத்தேன். என் கார்ட வெட்டிருங்க. பாய் பேர்ல மட்டும் ஒண்ணு போட்டுக் குடுங்க. அவருக்கு இத வுட்டா வேற ஒண்ணும் இல்ல. மெசின்மேல அவரு கைய வெக்க மாட்டாரு, நான் ஜவாப்தாரி."

ஹில்டா அம்மா அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டார். சீட்டைப் படித்தார். பிறகு எட்டாவது கேசட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"கார்டு அப்டியே இருக்கட்டும் சார்."

கிருஷ்ணப்பனுக்கு நம்ப முடியவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னிக்காவது சொல்லுங்கம்மா. எனக்கு முன்னாடி பேசினாங்களே, அந்தப் பெரிய மனுஷங்கல்லாம் யாரு?"

"நம்ம மெம்பருங்கதான் சார். அல்லாரும் உங்கள மாதிரியே நாடாவ அறுத்துட்டு, சொந்தமா பேசி எடுத்தாந்து, சத்தமில்லாம வெச்சிட்டுப் போனவங்க."