பனிக்கரடி வாத்தியார்

பூமியைக் காப்பாற்றும் வாத்தியார்கள் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் புதிதாகப் பெருகியிருக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒருவராவது அகப்படுவார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உச்சி வெயிலில் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னைக்கு வெயில் ஜாஸ்தியோ?" என்று கேட்டுப் பாருங்கள். மற்ற மனுஷன் என்றால் நெற்றியைத் துடைத்துவிட்டு ஆமாம் என்பான். இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார், விரலால் இரண்டு தேய்ப்பு தேய்ப்பார், அது சுற்றும், சுற்றி முடிக்கிற வரைக்கும் நீங்களும் அவரும் வறுபட வேண்டும், பிறகு தலையை நிமிர்த்தி, "ஆமாங்க, நாப்பது டிகிரி காட்டுது" என்பார். காட்டினால்தான் வெயில். காட்டாவிட்டால் உங்கள் முதுகில் ஓடுகிற வேர்வை பொய்.

இந்த இனத்தில் ஒருவரைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன். பெயர் தமிழ்மாறன். செட்டிகுளத்துக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். கூட ஷாலினி மேரி என்று ஒரு டீச்சர். இரண்டு பேரும் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சன்னலுக்குக் கதவு கிடையாது, கரையான் தின்றுவிட்டது. மின்விசிறி சுற்றாது. ஆனால் யாரோ புண்ணியவான் கொடுத்த ப்ரொஜெக்டர் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் துண்டால் போர்த்தி, பிறந்த குழந்தையைப் போல வைத்திருப்பார்.

குறை சொல்லக் கூடாது. அடிக்க மாட்டார். லீவு போட மாட்டார். பாடம் நடத்தவும் மாட்டார், அவ்வளவுதான். "நடத்துறதெல்லாம் அந்தக் காலம். இப்ப உலகம் பூரா ரிசோர்ஸ் கெடக்கு, எடுத்துப் போட்டா முடிஞ்சுது" என்பார். எடுத்துப் போடுவார். காலையில் ஒரு வீடியோ, மத்தியானம் ஒரு வீடியோ, சாயங்காலம் அம்மாமார்களின் போனுக்கு மூன்று லிங்க். பிள்ளை வீட்டில் அதைப் பார்த்தே ஆகவேண்டும். பார்த்து முடிப்பதற்குள் அன்றைய நெட்டு தீர்ந்து, வெளியூரில் வேலை பார்க்கும் அப்பன் முகம் காட்டிக் கூப்பிடுகிற நேரத்தில் போன் ஊமையாகக் கிடக்கும். அப்பன் முகம் முக்கியமா, பூமி முக்கியமா?

அதிலும் காலநிலை மாற்றம் என்ற பாடம் கிடைத்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் அழுத்தினால் 'புவிக் காவலர்' என்று சான்றிதழ் வரும். அப்படி வந்ததையெல்லாம் அச்செடுத்து, நனைந்துவிடாமல் பிளாஸ்டிக் உறை ஒட்டி, சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறார். நடுவில் இருப்பது பிளாஸ்டிக்கை ஒழித்ததற்காக வாங்கியது.

நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு அவர் போடுகிற வீடியோவில் எப்போதும் ஒரு பனிக்கரடி வரும். உடைந்த பனிக்கட்டி மேல் நிற்கும். எலும்பு தெரியும். பின்னால் சோகமாக ஒரு பாட்டு ஓடும். தமிழ்மாறன் சார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும்.

"சார், பன்னி மாரி அதுவும் ராத்திரி வந்து சோளத்தத் திங்குமா சார்?"

"திங்காதுடா. அது பாவம்டா."

"சார், வேர்க்குது சார்."

"பாடத்துக்குச் சம்பந்தமில்லாததப் பேசாத. பூமி ஏன் சூடாகிறது? எல்லாரும் சொல்லுங்க."

"கரியமில வாயுவால் சார்!" என்று சட்டை ஒட்டிய முதுகுகளோடு அத்தனையும் கத்தும். சாருக்குப் பரம திருப்தி. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது அல்லவா, சூடு என்பது எங்கேயோ வெளிநாட்டில் ஏறுகிற சமாசாரம் என்று?

சரி, இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாசி மாதத்தில் மேலே இருந்து ஒரு தகவல் வந்தது. காலநிலை மாற்றத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு யார் நன்றாகச் சொல்லித் தருகிறார்களோ அவரை மற்ற வாத்தியார்களுக்கு வகுப்பெடுக்கிற கருத்தாளராகப் போடுவார்களாம். பெரம்பலூரில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அதிகாரிகள் போனில் பார்ப்பார்கள், இவர் பள்ளிக்கூடத்திலிருந்து நேரலையாகப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். தமிழ்மாறன் சாருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கருத்தாளர் என்றால் சும்மாவா? பிள்ளைகளே இல்லாத வாத்தியார் வேலை. அதைவிட உயர்ந்த பதவி உலகத்தில் உண்டா?

ஒத்திகை ஆரம்பித்தது. எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் கை தட்ட வேண்டும், எந்த இடத்தில் முகத்தைத் தொங்கப்போட வேண்டும் என்று எல்லாம் பழக்கினார். கடைசிக் கேள்விதான் முக்கியம். "காலநிலை மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படுவது யார்?" இதற்கு ஐந்தாவது இலக்கியா எழுந்து, கையைக் கட்டி, "பனிக்கரடி சார்" என்று சொல்லவேண்டும். தொண்டை கம்மிச் சொல்லவேண்டும். பிள்ளை நன்றாகவே கம்மியது.

ஒரே ஒரு குறை. பகல் வெளிச்சத்தில் சுவரில் கரடி தெரியவில்லை. சன்னலை அடைக்கவேண்டும். அடைக்க எதுவும் இல்லை. சார் வெளியே பார்த்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டின சிமெண்டுக் களத்தில் இலக்கியாவின் அம்மா கமலவேணி மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயவைத்திருந்தாள். பக்கத்தில் நல்ல கனமான தார்ப்பாய்கள் மடித்துக் கிடந்தன.

"ஏம்மா கமலவேணி, அந்தத் தார்ப்பாயெல்லாம் கொஞ்ச நேரம் குடும்மா. சன்னல்ல கட்டணும்."

"சோளம் கெடக்குதே சார். நாளைக்குக் காலையில யாவாரி லாரி வருது. ஒரு தூத்தல் பட்டாலும் அந்தாளு எடுக்க மாட்டான். நாலு மாசப் பாடு சார், ராத்திரி பூரா பன்னி வெரட்டுனது."

"மாசியில மழையா? இரு." தேய்த்தார். சுற்றியது. "பாத்தியா, சைபர் பெர்சென்ட். மழைங்கற பேச்சுக்கே எடமில்ல."

"மலப்பக்கம் ஒரு மாரி இருட்டிக்கிட்டுக் கெடக்கே சார்."

"இது சேட்டிலைட்டும்மா. மேலேர்ந்து பாக்குது."

"மேலேர்ந்து பாக்குறவன் எறங்கி வந்து அள்ளிக் குடுப்பானா?"

"உம் பொண்ணுதாம்மா கடைசிப் பதில் சொல்லப்போறா. பெரம்பலூர் ஆபீசருங்க எல்லாம் பாக்கப்போறாங்க."

ஒரு தாயை வளைக்க இதற்குமேல் என்ன வேண்டும்? கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சோளக்காட்டில் மிச்சம் கிடந்த தட்டையை அறுக்கப் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

நான்கு சன்னலிலும் தார்ப்பாய் ஏறியது. அறை கும்மிருட்டு. காற்று போக வழியில்லை. பிள்ளைகள் அவித்த கிழங்கு மாதிரி ஆனார்கள். கரடி மட்டும் சுவரில் பளிச்சென்று தெரிந்தது. ஷாலினி மேரி டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அம்மாவின் முகம் ஒரு சின்னக் கட்டத்தில் வந்து, "தொடங்குங்க சார்" என்றது.

தொடங்கினார். என்ன குரல்! என்ன கையாட்டல்! பருவம் தப்பிய மழை, பயிர் அழிவு, உணவுப் பஞ்சம் என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஏதோ ஒரு நாட்டில் வெள்ளம் ஓடியது, வேறொரு நாட்டில் வயல் மூழ்கியது, பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த இடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டன. கடைசியில் கரடி வந்து நின்றது. அப்போது வெளியே உருட்டியது.

"சார்," என்றார் டீச்சர் மெதுவாக, "இடி இடிக்குது சார்."

"வீடியோவுலதான் டீச்சர்."

"வீடியோவுல கரடி நிக்குது சார்."

சார் காதில் வாங்கவில்லை. அடுத்த நிமிஷம் மேலே தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி சத்தம் தொடங்கியது. அதிகாரி அம்மா முகத்தைச் சுளித்து, "என்ன சார் அது சத்தம்? நீங்க பேசறதே கேக்கல" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம், சின்ன டிஸ்டர்பன்ஸ். யாரோ மைக்க ஆன்ல வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு எல்லாரும் மைக்க ஆஃப் பண்ணுங்க!"

மழை ஆஃப் பண்ணவில்லை.

வெளியே கமலவேணி காட்டிலிருந்து ஓடி வந்து சன்னல் தார்ப்பாயைப் போட்டு அடித்தாள். "சார்! தார்ப்பாயக் குடுங்க சார்! நனையுது சார்!"

சார் தார்ப்பாயை விலக்காமலே ஓரமாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிஷம். "ஒரே ஒரு கேள்விதாம்மா" என்று உள்ளேயிருந்தே கிசுகிசுத்தார். பிறகு தொண்டையைச் செருமி, போனைப் பார்த்துச் சிரித்து, "இலக்கியா! காலநிலை மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படுவது யார்?" என்று கேட்டார்.

இலக்கியா எழுந்தது. கையைக் கட்டியது. சுவரில் கரடியைப் பார்த்தது. சன்னல் பக்கம் திரும்பியது.

"எங்கம்மா சார்!"

சொன்ன வேகத்தில் பாய்ந்து தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பு. வெளிச்சம் உள்ளே கொட்டியது. சுவரில் இருந்த கரடி இருந்த இடம் தெரியாமல் போனது. இன்னொரு பிள்ளை அடுத்த சன்னலுக்கு ஓடியது, பிறகு எல்லாமே எழுந்தன. எல்லாம் களத்து வீட்டுப் பிள்ளைகள், காய்கிற தானியம் நனைந்தால் என்னவாகும் என்று வீடியோ போட்டா காட்டவேண்டும்? ஷாலினி மேரி டீச்சரும் போனை சார் கையில் திணித்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார்.

அறையில் சாரும் போனும்.

"சார்," என்றது கட்டத்துக்குள்ளிருந்த முகம், "பசங்க எங்க?"

தமிழ்மாறன் சார் காலி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கருத்தாளர் பதவி, குளிர்ந்த அறை எல்லாம் மழைத்தண்ணீரோடு சாக்கடைக்குப் போவது கண்ணில் தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான் அவர் அறிவு வேலை செய்தது. அப்படியே நடந்து வாசல் இறவாரத்துக்கு வந்து, நனையாத இடமாகப் பார்த்து நின்று, போனைக் களத்துப் பக்கம் திருப்பினார்.

"செய்முறைப் பயிற்சி மேடம். பேரிடர் மேலாண்மை. வீடியோவுல பாத்தத உடனே செஞ்சு பாக்குறாங்க மேடம்."

"அருமை சார்! ரொம்ப இயற்கையா இருக்கு!"

இயற்கைதான். பிள்ளைகள் வழுக்கி விழுந்து எழுந்து தார்ப்பாயை இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கியது. மூன்று முனையை ஆள் பிடித்தாகிவிட்டது, நாலாவது முனை பறந்துகொண்டிருந்தது, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போனது.

"இலக்கியா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி இழு! மூஞ்சி தெரியல!"

கமலவேணி நிமிர்ந்தாள். அப்போது அவள் வாயிலிருந்து மரியாதை எல்லாம் மழையோடு போய்விட்டது.

"யோவ் வாத்தியாரே! அந்தக் கருமத்தக் கீழ வச்சிட்டு வந்து அந்த முனையப் புடிய்யா!"

"லைவ்ல இருக்கேம்மா!"

இருந்தார். மழை விடுகிற வரைக்கும் இருந்தார்.

மறுநாள் வியாபாரி வந்தான். மேலே ஒரு கை அள்ளிப் பார்த்தான், அடியில் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். பாதிக் குவியலை ஏற்றினான், பாதியை விட்டுவிட்டுப் போனான். விட்டது மூன்றாம் நாள் பூசணம் பூத்தது. கோழிகூடக் கிளறிவிட்டு நகர்ந்தது.

தமிழ்மாறன் சாருக்கும் தகவல் வந்தது. கருத்தாளர் ஆகிவிட்டார். இப்போது மாவட்டத்தில் உள்ள வாத்தியார்களுக்கெல்லாம், பிள்ளைகளைக் களத்தில் இறக்கிக் கற்பிப்பது எப்படி என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார். அந்த மழை வீடியோவுக்குப் பழைய கரடிப் பாட்டையே பின்னால் சேர்த்து, 'பிஞ்சுக் கரங்களின் புவிக் காவல்' என்று தலைப்பிட்டு, அம்மாமார்களின் போனுக்கெல்லாம் லிங்க் அனுப்பினார். கீழே, 'பெற்றோர்கள் தவறாமல் லைக் செய்யவும்.'

அடுத்த வாரம் கடைத்தெருவில் கமலவேணியைப் பார்த்ததும் அவராகவே வண்டியை நிறுத்தினார். மனசில் கள்ளமில்லை, அதுதான் வேடிக்கை.

"வீடியோ பாத்தியாம்மா? ஆயிரக்கணக்குல பாத்திருக்காங்க. வெளிநாட்டுல இருந்தெல்லாம் அழுது எழுதியிருக்காங்க."

"அம்புட்டுப் பேரா சார் பாத்தாங்க?"

"அம்புட்டுப் பேரும்மா!"

"அதுல ஒருத்தன் வந்து முனையப் புடிச்சிருந்தா என் சோளம் பொழச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சார் அதை ஒரு நல்ல வாசகம் என்று நினைத்தார். அன்று சாயங்காலம் அதையும் போட்டார், பெயர் சொல்லாமல், 'ஒரு தாயின் குரல்' என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த வீடியோவை அன்று பார்த்து, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டி, சிவப்பு இதயம் ஒன்றை அழுத்தி, சொந்தக்காரர் நாலு பேருக்குத் தள்ளிவிட்டு, ஏதோ பெரிய தர்மம் செய்த நிறைவோடு குப்புறப் படுத்துத் தூங்கிய கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இப்போதுகூட, இதைப் படித்ததும் யாருக்காவது அனுப்பலாமே என்று கை போனைத் தேடுகிறது, இல்லையா?

அந்தக் கையைத்தான் அவள் கூப்பிட்டாள்.