மகேஸ்வரி அக்கா தலையாட்டிய கதை

முதல் வேலை கிடைத்த புதிதில் எல்லோருக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கு அது கழுத்து தாங்காத அளவுக்கு இருந்தது. பல்கலைக்கழகத்தை விட்டு வந்த கையோடு ஆய்வு உதவியாளர் பதவி. தோட்டத்துப் பெண்கள் நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஏன் தாமதிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். விழிப்புணர்வு இல்லை, அவ்வளவுதான். கேள்வி கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. (நான் பதுளை டவுனில் பிறந்தவள். தேயிலைச் செடியை பஸ் ஜன்னல் வழியாக மிக நன்றாக அறிவேன்.)

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பேட்டிக்கு ஒப்புக்கொண்டவர் மகேஸ்வரி அக்கா. கொழுந்து பறிக்கிற நாளில் உட்கார்ந்து பேச நேரமில்லை, மலைக்கு வந்தால் வேலை செய்துகொண்டே பேசலாம் என்று சொல்லிவிட்டார். போனேன். வெள்ளைச் சுடிதார், மஞ்சள் ஷால், பக்கத்து மலைக்கும் மணக்கிற சென்ட். அந்தக் கோலத்தில் கொழுந்து மலைக்கு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மழை தூற ஆரம்பித்தது. நிழல் மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றுக்குக் கீழே ஒதுங்கிக் குடையை விரித்தேன். குடை முனை எதிலோ சிக்கியது. கிளையாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினேன்.

கிளை இல்லை. குளவிக்கூடு.

ஓடாமல் குனிந்து படுக்கச் சொல்லி மகேஸ்வரி அக்கா கத்தியது காதில் விழுந்தது. படித்தவள் அல்லவா, ஓடினேன். செடிகளுக்கு நடுவே எங்கே ஓடுவது? முகமெல்லாம் கொட்டு வாங்கிக்கொண்டு, சிக்கி, குப்புற விழுந்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து என்மேல் போர்த்தி, அப்படியே என்னை அணைத்தபடி படுத்துக்கொண்டார். சாக்குக்கு வெளியே இருந்தது அவருடைய முகமும் கழுத்தும். குளவிகள் இரண்டையும் விடவில்லை.

குளவிகள் அடங்கியபின் மற்றப் பெண்கள் எங்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கொழுந்து லொறி கீழே போகப்போகிறது, ஏறுங்கள் என்றார் கணக்கப்பிள்ளை.

நான் ஏற மாட்டேன் என்றேன். மறுநாள் ஆய்வை நடத்தும் பேராசிரியர் என் வேலையைப் பார்க்க வருகிறார். குளவியிடம் தோற்றுப்போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் தைலம் தடவினால் சரியாகிவிடும் என்றேன். வேலை கெட்டுவிடும் என்றேன். கூட வர ஆளில்லை, ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். (பெண்கள் சொல்வார்கள் என்று என் கேள்வித்தாளில் நான் எழுதி வைத்திருந்த காரணங்கள் அத்தனையையும் நானே சொல்லி முடித்துவிட்டேன்.)

மகேஸ்வரி அக்காவும் அசையவில்லை. பாதி வேலையில் மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்.

"நீங்க போங்க மிஸ். எனக்கு இதெல்லாம் பழகிருச்சு."

"நீங்க ஏறுங்கக்கா. அப்பதான் நான் ஏறுவேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. விசில் மாதிரி காற்றுதான் வந்தது.

என் தலைக்கனம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதல் ஆளாக லொறியில் ஏறி, அவரையும் இழுத்து ஏற்றினேன். கொழுந்து மூட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டோம். அவருக்கு உடம்பு நடுங்கியது. என் மஞ்சள் ஷாலைத் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டேன். வளைவுக்கு வளைவு லொறி ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் "அக்கா" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் கையை அழுத்தினார். விழிப்புணர்வு அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தாராளமாகவே இருந்தது. நல்ல ரோடும் ஆஸ்பத்திரி வண்டியும்தான் இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அவருக்கு மூச்சு சீராகிவிட்டது, பயமில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு வலிக்கவே ஆரம்பித்தது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவர் முகமும் பொங்கிய தோசைமாவு.

அம்மா தலைதெறிக்க ஓடிவந்தார். ஒரு முகத்தைப் பார்த்தார், மற்ற முகத்தைப் பார்த்தார். மஞ்சள் ஷாலைப் பார்த்தார். நேரே போய் மகேஸ்வரி அக்காவைக் கட்டிக்கொண்டார்.

"பேங்க் வேலைக்கு எழுதிப் போடுடின்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டியா நீ?"

நான் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தேன். உதடு வீங்கியிருந்ததால் "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

"கொஞ்சம் பொறும்மா, ஒன்னோட ஆளுங்களும் வந்துருவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கைப்பையை என் கால்மாட்டில் வைத்தார். பிறகு அக்காவின் தலையைத் தடவியபடி குரலைத் தாழ்த்தினார்.

"பண்டாரவளை மாப்பிள்ளை வீட்டுல திரும்பவும் கேக்குறாங்க. வரச் சொல்லட்டுமா? இந்தத் தடவையாச்சும் சரின்னு சொல்லு."

குரல் இன்னும் திரும்பாத மகேஸ்வரி அக்கா, ஆள் மாறிப் பிடித்துவிட்டீர்கள் என்று காட்ட, என் பக்கம் திரும்ப முயன்றார். வீங்கிய கழுத்து திரும்பவில்லை. மேலும் கீழுமாக ஆடியது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், அங்கிருந்தே பண்டாரவளைக்குப் போன் போட்டுவிட்டார். தாதி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு விஷயம் வெளிப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமைக்கு நேரமும் குறித்தாகிவிட்டது. கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று அம்மா ஒரே பிடிவாதம்.

பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. கேள்விகளைத் திருப்பி எழுதச் சொன்னார். எந்த வண்டியில் போனீர்கள், அது வரும்வரை எங்கே கிடந்தீர்கள், போனதால் என்ன இழந்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தோம். அதன்பிறகுதான் பெண்கள் பேசினார்கள். இன்றைக்கும் நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், நன்றாகவே செய்கிறேன்.

பண்டாரவளைக்காரரும் சொன்னபடி வந்தார். ஒரு பக்கம் மட்டும் வீக்கம் வடிந்திருந்த முகத்தோடு தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயந்து எழுந்து போவார் என்று பார்த்தால், குளவிக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் என் சொந்தத் தலையை ஆட்டினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அது கணக்கில் சேராது. எங்களுக்குள் சண்டை வந்தால், சம்மதம் சொன்னவரிடமே பேசிக்கொள்கிறேன் என்று என் கணவர் மகேஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் விடுவார். போன வாரமும் போட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"நான் அன்னைக்கு கழுத்து வலியில தலையாட்டினேன் தம்பி. நல்லா இருந்திருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."