சரியான எடைக்கல்

நூற்று அறுபத்தெட்டு.

கையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது. முப்பது வருடம் எடை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி வியாபாரிகளை நடுங்க வைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, உள்ளங்கை அகல பிரஷர் மெஷின் ஒன்று அவரை நடுங்க வைத்தது. அவருடைய அண்ணன் இதே வயதில், இதே பிரஷரில், சட்டை மாட்டும்போதே சரிந்து விழுந்தவர்.

"ஏங்க, காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பார்த்தா போதும்னுதானே டாக்டர் சொன்னார்? இது ஏழாவது தடவை," என்றாள் மனைவி, தன் பிடரியைத் தேய்த்தபடி.

"ஆறாவது தடவை நூத்தி அறுபதுதான். ஏறிக்கிட்டே போகுதே!"

"பேசாம அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

உட்கார்ந்தார். பேச்சு நின்றதும் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. கேட்கக் கேட்கப் பயம் கூடியது. நூற்று எழுபத்தாறு.

மாத்திரை முழுசாக வேலை செய்யச் சில வாரமாகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான்காம் நாளே இவருக்குப் பொறுமை போய்விட்டது. உப்பில்லாத சாப்பாட்டை ஒரு வாய் வைத்து, எரிச்சலில் தட்டைத் தள்ளினார். நூற்று எண்பத்திரண்டு.

அவருக்குக் குறைத்த உப்பையும் தன் தட்டில் போட்டுக்கொண்டு மனைவி நிதானமாகச் சாப்பிட்டாள்.

"பொண்ணுக்குப் போன் போடு. பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

"சாவி என் இடுப்புலதான் இருக்கு. சும்மா இருங்க, உங்களால எனக்குத் தலை வலிக்குது."

அப்போதுதான் அவருக்குள்ளிருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

"தராசு பொய் சொல்லுதான்னு எப்படிப் பார்ப்போம் தெரியுமா? சரியான எடைக்கல்லை வெச்சுத்தான். கையை நீட்டு."

"எனக்கு எதுக்கு?"

"நாப்பது வருஷத்துல ஒரு நாள் காய்ச்சல்னு படுத்திருக்கியா? நீதான் எடைக்கல்."

மெஷின் உறுமி அடங்கியது. இருநூற்று நான்கு.

"உனக்கு இருநூத்தி நாலாம்! பொய் மெஷின்!" போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டார். அவளும் சிரித்தபடி கூடவே கிளம்பினாள்.

மருந்துக்கடையில் மெஷினைத் தொப்பென்று வைத்தார்.

"இது மட்டும் தராசா இருந்திருந்தா, இந்நேரம் கடைக்கே சீல் வெச்சிருப்பேன்!"

கடைக்காரப் பெண் வாக்குவாதம் செய்யவில்லை. அவரை உட்கார வைத்து, கடை மெஷினைக் கட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு.

"பார்த்தியா!" என்று மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"சரி, வாங்க போகலாம்," என்றாள் அவள். ஒரு கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"எடைக்கல்லையும் ஒரு தடவை பாரும்மா," என்றார் அவர் பெருமையாக.

அந்தப் பெண் கடை மெஷினை அவள் கையில் கட்டினாள். பிறகு அவர் கொண்டுவந்ததைக் கட்டினாள். இரண்டையும் மாற்றி இன்னொரு தடவை பார்த்தாள்.

"சார், உங்க மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்க எழுந்திருச்சு, முதல்ல அம்மாவை உட்கார வைங்க."