அன்னாசியில் நான் அடைந்த வெற்றி

இன்று மத்தியானம் தூங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு நாளும் செருப்புக்கடையில் ஊரார் காலைப் பிடிக்கிறவன். ஏழாம் நாளாவது என் காலை நீட்ட வேண்டாமா?

குறுக்கே வந்தது அன்னாசி. மேஜைமேல் முள்ளும் கொண்டையுமாக உட்கார்ந்து என்னையே முறைத்தது. அதைச் சீவிக் கண் தோண்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் என்னிடம் ஒரு வெடிகுண்டு இருந்தது. காலையில்தான் பக்கத்து வீட்டு வாத்தியார் மதிலுக்கு மேலே தலை நீட்டிக் கொடுத்தது.

"ஒரு பந்தயம்," என்றேன் மனைவியிடம். "அன்னாசிங்கிறது எந்தப் பாஷை? தோத்தவங்க சீவணும்."

"இதுல என்ன சந்தேகம்? தமிழ்தான். யாராவது ஒரு அண்ணாச்சி தோட்டத்துல வெளைஞ்சிருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது.

"அதான் இல்ல. போர்த்துகீசியர் கப்பல்ல கொண்டு வந்த பேரு. அவங்க அனனாஸ்னாங்க, நாம அன்னாசின்னுட்டோம். அவங்களுக்கும் அது இரவல்தான். பிரேசில் பக்கத்துக் காட்டு சனங்க வெச்ச பேரு. ரெண்டு கடல் தாண்டி நம்ம மேஜைக்கு வந்திருக்கு, தெரியுமா?"

அவள் கன்னத்தில் கை வைத்தாள். "அடேயப்பா. உங்களைப் போய் சாதாரண ஆள்னு நெனச்சுட்டேனே. சரி, தோத்துட்டேன். நானே சீவுறேன்."

இவ்வளவு சுலபமாகத் தோற்கிறவள் அல்ல அவள். அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. தலையணையைத் தட்டிப் போட்டுச் சாய்ந்தேன். வயிற்றின்மேல் தொப்பென்று ஏதோ விழுந்தது. எங்கள் மகள்.

"இவ எதுக்கு இங்க?"

"என் கை பிசுபிசுன்னு ஆயிடும்ல? ஒருத்தர் கை அழுக்குன்னா பிள்ளை இன்னொருத்தர்கிட்ட. நீங்க போட்ட சட்டம்."

நான் போட்டதுதான். கடையிலிருந்து பாலிஷ் கையோடு வந்து, அதைக் காட்டிக் காட்டியே தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மகள் மீசையில் தொங்கினாள். பால் கக்கினாள். சட்டையை நனைத்தாள். மாற்றினேன், அதையும் நனைத்தாள். கண்ணை மூடினால் இமையைப் பிரித்து உள்ளே யார் என்று பார்த்தாள். அடுக்களையில் ரேடியோ பாடியது, கூடவே என் மனைவியும். மகாராணிக்குக் கிரீடம் செய்கிறவள்போல ஒற்றை அன்னாசியைச் சாயங்காலம் வரை செதுக்கினாள்.

மதிலுக்கு மேலே வாத்தியார் தலை முளைத்தது. "என்ன தம்பி, ஜெயிச்சீங்களா?"

"பந்தயம் கட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தங்கச்சிதான் காலையில வந்து கேட்டுச்சு. அன்னாசிக் கதையை உங்க காதுல போட்டு வைக்கணுமாம். புதுசா ஏதாவது தெரிஞ்சா பந்தயம் கட்டாம உங்களுக்கு இருப்புக் கொள்ளாதாமே."

திரும்பினேன். தட்டு நிறையத் துண்டுகளோடு மனைவி நின்றாள்.

"அடுத்த வாரம் பப்பாளி வாங்குறேங்க. அது எங்கேருந்து வந்துதுன்னு அண்ணன்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. அதுலயும் நீங்கதான் ஜெயிக்கணும்."