வசனம் நீக்கிய பிரதி

ஒரு கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்துவிட்டால் அதற்கு ஒரு வரலாறு இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் விழாவுக்கு வருகிறவர்கள் கையில் எதைக் கொடுத்து அனுப்புவது? ஆகவே எங்கள் கம்பெனியும் வழவழப்பான தாளில் ஒரு வரலாறு போட்டிருக்கிறது. உலகம் முழுக்க டிவி சீரியல்களை விற்கிற கம்பெனி என்பதால் அட்டையில் பூமி உருண்டை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் "தொலைநோக்கு" என்ற சொல் வருகிறது. என்ன நடந்தது என்பதுதான் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆமாம், வயிற்றெரிச்சல்தான்.

முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். ஆரம்பத்தில் அவர் ஒரு பெட்டியில் டேப்புகளை அடுக்கிக்கொண்டு வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போனார். கத்தரிக்காய்க்குச் சந்தை கூடுகிற மாதிரி சீரியலுக்கும் சந்தை கூடும். அவருக்கு எந்த வெளிநாட்டு மொழியும் தெரியாது. மருமகள் அழுகிற காட்சியை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாங்க வந்தவனும் துடைத்துக்கொள்வான். வியாபாரம் முடிந்தது. எல்லா ஊரிலும் மாமியார் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தவர் அவர். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். உங்கள் பாஷை எங்களுக்கு வேண்டாம், பேச்சை எடுத்துவிட்டுக் கொடுங்கள், எங்கள் பாஷையில் நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். நியாயம்தானே? அன்றிலிருந்து ஒவ்வொரு சீரியலுக்கும் இரண்டு பிரதி. உள்ளூருக்கு முழுப் பிரதி. வெளிநாட்டுக்கு "வசனம் நீக்கிய பிரதி". அதில் பாட்டு இருக்கும், கதவு சாத்துகிற சத்தம் இருக்கும், பாத்திரம் உருளும், வளையல் குலுங்கும். வாய் மட்டும் சும்மா அசையும். கூடவே வசனக் கட்டு ஒன்று போகும். அங்கே அதை மொழிபெயர்த்துப் பேசிச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதில் அழுகையை என்ன செய்வது என்று ஒரு சிக்கல் எழுந்தது. அழுகை வசனமா, சத்தமா? துணைக்குழு அமைத்தார்கள். சொல் இல்லாத அழுகை சத்தம், அது வெளிநாடு போகலாம். சொல்லோடு கூடிய அழுகை வசனம், அது போகக்கூடாது என்று முடிவானது. "ஐயோ" என்பது எதில் சேரும் என்ற கேள்வி இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

அந்த வசனத்தை எழுதியவன் நான். கதாநாயகிக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவள் என் மனைவி. நடிகைக்கு முகம் உண்டு, குரல் கிடையாது. வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். ஆக, எங்கள் வீட்டு அடுப்பு இரண்டு பேருடைய பேச்சில் எரிந்தது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்பாள் அவள்.

ஒருமுறை வெளிநாட்டுப் பிரிவு தொலைதூர நாடொன்றுக்கு டேப்பை அனுப்பிவிட்டு வசனக் கட்டை அனுப்ப மறந்துவிட்டது. அந்த நாட்டில் எங்களைவிடச் சமர்த்தான அதிகாரிகள் இருந்திருக்கிறார்கள். அறிவித்த தேதியை மாற்ற அதிகாரம் இல்லை என்று சொல்லி, வந்ததை வந்தபடியே ஒளிபரப்பிவிட்டார்கள். வாய் அசைகிறது, பேச்சில்லை.

விஷயம் தெரிந்ததும் எங்கள் ஆபீசில் குற்றவாளியைத் தேடினார்கள். வசனத்தைக் காணோம் என்றால் வசனம் எழுதியவன்தானே பொறுப்பு? என் பெயருக்கு விளக்கம் கேட்டு மெமோ தயாரானது. அது என் மேஜைக்கு வந்து சேருவதற்குள் அந்த நாட்டிலிருந்து இன்னொரு செய்தி வந்துவிட்டது. சீரியல் அங்கே சக்கைப்போடு போடுகிறதாம். மௌன விரதம் பூண்ட ஒரு மாபெரும் குடும்பத்தின் துயரம் என்று அங்கே பத்திரிகையில் எழுதினார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் வீட்டுச் சண்டையை அதில் போட்டு நிரப்பிக்கொண்டார்களாம்.

உடனே மெமோவைக் கிழித்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று மறுபடி தேடினார்கள். இந்தத் தடவை பெரியவரின் மகன் கிடைத்தார். அவரை இளையவர் என்போம். வெளிநாட்டில் படித்தவர், வெளிநாட்டுப் பிரிவுக்குத் தலைவர்.

"மறந்து போச்சுன்னு எவன் சொன்னான்?" என்று கூட்டத்தில் கேட்டார் இளையவர். "திட்டம் போட்டு மறந்தோம். வசனம்கிறது ஒரு தடை. ரசிகனுக்கும் கதைக்கும் நடுவுல நிக்கிற சுவர்."

"அப்ப இத்தனை வருஷம் நான் சுவரா கட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றேன்.

"நல்லாத்தான் கட்டினீங்க. இல்லேங்கல. இப்ப இடிக்கிற காலம் சார்."

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்துவிட்டது, அதற்கு மாலை போடாத குறை. வெளிநாட்டுச் சந்தையில் பரிசு கொடுத்தார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் எங்களுக்கும் பேச்சில்லாததே வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மௌனம் நாகரிகமாகிவிட்டது. பணக்கார வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசாமல் வாயை மட்டும் அசைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆபீஸ் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. தலையாட்டுவதற்கு மட்டும் முன்பு போலவே அனுமதி இருந்தது. என் அறை வாசலில் இருந்த "வசனப் பிரிவு" பலகையை எடுத்துவிட்டு "மௌன வடிவமைப்புப் பிரிவு" என்று மாட்டினார்கள். இந்தக் காட்சிக்கு ஆறுவித மௌனம் எழுதிக்கொடுங்கள் என்று ஒரு உத்தரவு வந்தது. நான் எழுதினேன். நாலாவது மௌனம் கொஞ்சம் நீளம் என்று திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

வெளிநாட்டோடு நின்றிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளூரிலும் இனி வசனம் நீக்கிய பிரதிதான், நம் மக்களுக்கும் உலகத்தரம் வேண்டாமா என்றார் இளையவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே பெரியவர் அறைக்குப் போனேன்.

"ஐயா, வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம பேச்சு புரியாது, சரி. நம்ம சனத்துக்குப் புரியுமே. அவங்க விடமாட்டாங்க ஐயா."

பெரியவர் யோசித்தார். மகன்மேல் பாசம் உண்டு. வியாபாரத்தின்மேல் அதைவிட அதிகம். "மௌனம் கலக நாசம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களேய்யா" என்றார்.

"கலகம் இல்லாம சீரியல் ஏதுங்கய்யா?"

அது அவருக்கு உறைத்தது. "சரி, ஒண்ணு செய்வோம். ஒளிபரப்பட்டும். பேச்சைக் காணோமேன்னு ஒரே ஒரு நேயர் புகார் பண்ணட்டும். உன் வசனத்தைத் திரும்பப் போடுறேன். உன் வீட்டம்மா குரலையும் போடுறேன். ஒருத்தரும் கேட்கலேன்னா ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்குங்க."

புகார் வாங்கும் மேஜையிலேயே என்னை உட்காரவைத்தார்கள். மௌனம் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை? வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

"ஒரு புகார் போதுமா? ஏங்க, ஊரே திரண்டு வந்து உங்க ஆபீஸ் கண்ணாடிய உடைக்கும் பாருங்க. என் குரல் இல்லாம அந்தப் பொண்ணு மூஞ்சிய யாரு பாப்பா?"

ஒளிபரப்பு ஆரம்பித்தது. நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. லைன் வேலை செய்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். வாரக் கடைசியில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"சோப்பு விளம்பரத்துல சத்தம் சரியா கேக்கலீங்க" என்றார் ஒரு நேயர்.

"சீரியல்ல கேக்குதா?" என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் பிரமாதமா இருக்கு."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மறுநாள் சீரியல் நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்காரர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். சீரியல் முடிந்ததும் அந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"அந்த மாமியாக்காரி இன்னிக்கு என்னமா பேசிட்டா, பாத்தீங்களா? வாயா அது!"

"அவ ஒண்ணுமே பேசலீங்களே" என்றேன்.

"நீங்க சரியா கவனிக்கல" என்றார் அவர்.

அன்று நான் தெருவில் நின்று அழாத குறை. இத்தனை வருஷம் நான் எழுதிக் குவித்தது யார் காதில் விழுந்தது? மனைவி மட்டும் அசரவில்லை. "மறந்துட்டாங்க. அவ்வளவுதான். ஒரு தடவை காதுல விழட்டும், அப்புறம் விடமாட்டாங்க. பேச்சோட ஒரு எபிசோடு ஓடட்டும், மறுநாள் நிக்கட்டும். அப்ப போன் அடிக்குதா இல்லையான்னு பாருங்க" என்றாள்.

சவுண்ட் இன்ஜினியர் எங்கள் பக்கம்தான். பேச்சே இல்லையென்றால் அவருக்கும் பாதி வேலை இல்லை. பிரதி மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்கிறேன், இந்தக் கம்பெனியில் அது புதுசா என்றார். மருமகள் முதன்முதலாக மாமியாரை எதிர்த்துப் பேசுகிற எபிசோடை எடுத்தோம். நான் எழுதியதிலேயே அதுதான் உச்சம். முன்பு அதைப் பேசிப் பதிவு செய்துவிட்டு மனைவி தொண்டை கட்டி நாலு நாள் வெந்நீரும் கையுமாகக் கிடந்தாள். முழுப் பிரதியைப் போட்டோம். மனைவியும் என்னோடு ஆபீசுக்கு வந்து போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. மருமகள் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே போன் அடித்தது. வைத்தால் மறுபடி அடித்தது. மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, நடுவுல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க" என்றார் முதல் நேயர். "கதையே புரியல. நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன சார் இது, உலகத்தரம்னு சொல்லிட்டு இப்படியா?" என்றார் அடுத்தவர்.

ஒருவர் டிவி ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாராம், செலவை யார் தருவது என்று கேட்டார். ஒவ்வொரு புகாரையும் நான் பதிந்துகொண்டிருக்கும்போதே இளையவர் வந்து வாசலில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. சிரித்தார்.

கடைசி அழைப்பை எடுத்தபோது பழகின குரல். என் மாமியார்.

"மாப்பிள்ளை, நீங்கதானா? நல்லதாப் போச்சு. நம்ம சீரியல்ல எவளோ ஒருத்தி காட்டுக் கத்தல் கத்துறா. ஒரு எழவும் விளங்கல. உங்க ஆபீஸ்ல சொல்லி அவள வாய மூடச் சொல்லுங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "அம்மா! அது நான்தாம்மா!"

"நீயா?" என்றார் மாமியார். "நீ எதுக்குடி அங்க போய்க் கத்துற? சரி சரி, அப்புறம் பேசு. சீரியல் ஓடிக்கிட்டிருக்கு."

போனை வைத்துவிட்டார். அதையும் ஒரு புகாராகப் பதிந்துகொண்டேன்.